பெயரில்லாத பேரி

ஆடி பிறந்ததும் வடசென்னை மூலக்கொத்தளத்துத் தள்ளுவண்டிகளில் இரண்டு பழங்கள் பக்கத்துப் பக்கத்தில் இடம்பிடிக்கும். ஒன்று ஆப்பிள். அதன் தோலில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டு ரகத்தையும் நாட்டையும் ஏற்றுமதி செய்த கம்பெனியையும் சொல்லிவிடும். இன்னொன்று பேரிக்காய். பச்சையும் பழுப்புமாக, சொரசொரத்த தோலோடு, ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாமல் குவிந்து கிடக்கும். அதற்குச் சீட்டு கிடையாது. ‘கொடைக்கானல் காய்’ என்று ஒருவர் சொல்வார், ‘ஊட்டி’ என்று இன்னொருவர் சொல்வார். ரகம் என்ன என்று கேட்டால் பேரிக்காய்தான் என்ற பதிலே வரும்.

ஆப்பிள் வந்த வழியை அறிவது சுலபம். இங்கிருந்து கிழக்கே ராயபுரத்தைத் தாண்டினால் துறைமுகம். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வைக்கப்பட்ட கன்டெய்னர்களில் அது கடல் கடந்து வருகிறது. 2015 செப்டம்பரில், ஆப்பிள் இறக்குமதியை மும்பை அருகிலுள்ள நவசேவா துறைமுகம் வழியாக மட்டுமே செய்யலாம் என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியது. சில மாதங்களுக்குள் அதைத் தளர்த்திச் சென்னை, கொல்கத்தா, கொச்சி துறைமுகங்களையும் சேர்த்துக்கொண்டது. 2023 மே மாதத்தில், கிலோ 50 ரூபாய்க்குக் குறைந்த மதிப்பில் வரும் ஆப்பிளுக்குத் தடை வந்தது. ஒரு பழத்துக்காக இத்தனை அரசாணைகள். பேரிக்காய்க்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. அது வத்தலக்குண்டு மலைப்பாதையில் லாரி ஏறி வருகிறது.

தமிழ்நாட்டின் பாரம்பரியக் குளிர்நாட்டுப் பழம் எது என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சீட்டில்லாத காயைத்தான் காட்டுவேன். இப்படிச் சொல்வதற்கு ஊர்ப்பற்று காரணமல்ல. இங்கே குடியேறிய ஆப்பிள், பேரி மரங்களில் எது நின்றது, எது போனது, ஏன் என்று பார்த்தால் இந்த இடத்துக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது.

ஆப்பிள், பேரி இரண்டிலும் விதை போட்டால் தாய்மரம் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலான ரகங்கள் தங்கள் மகரந்தத்தையே ஏற்பதில்லை. அதனால் ஒவ்வொரு விதையும் புதிய கலப்பு. பத்து விதையிலிருந்து பத்து விதமான மரங்கள் வரும், அவற்றில் பெரும்பாலானவை வாயில் வைக்க முடியாத காய்களைத் தரும். நல்ல மரம் ஒன்று தற்செயலாக வாய்த்துவிட்டால், அதன் குச்சியை வெட்டி வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் பெருக்க முடியும். வாழையைக் கன்றெடுத்துப் பெருக்குவதுபோலத்தான் இதுவும். விதைக்கு இங்கே வேலையில்லை. ஆக, ஒரு பழைய ரகம் என்பது பல நூறு ஆண்டுகளாக வெட்டப்பட்டு, ஒட்டப்பட்டு, கைமாறி வாழும் ஒரே மரம். ஒட்டுக்கட்டும் கை நின்றுபோனால் கடைசி மரத்தோடு ரகமும் முடிந்துவிடும்.

அமெரிக்காவின் பழைய நூல்களிலும் நர்சரிப் பட்டியல்களிலும் இருந்த ஆப்பிள் பெயர்களை 1905இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். ஒரே ரகத்தின் மாற்றுப் பெயர்களைக் கழித்த பிறகும் சுமார் 14,000 ரகங்கள் தேறின. அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. இங்கிலாந்தில் கெண்ட் பகுதியிலுள்ள பிராக்டேலில் தேசியப் பழத் தொகுப்பு என்று ஒரு தோட்டம் வைத்து, 2,000க்கு மேற்பட்ட ஆப்பிள் ரகங்களையும் சுமார் 500 பேரி ரகங்களையும் காத்துவருகிறார்கள். கடைத்தெருவில் நமக்குக் கிடைப்பவை ஐந்தாறுதான்.

சென்னைக்கும் அந்தப் பழைய ரகங்களுக்குமான உறவு, நாம் நினைப்பதைவிட முந்தையது. ஃபிரெடரிக் டூடர் என்ற பாஸ்டன் வணிகர் 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில், ஏரியில் வெட்டிய பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் 1842 வாக்கில் அவர் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்க, சரக்கெல்லாம் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வரும். டூடரின் பனிக் கப்பல்கள் இந்தியாவுக்கு ஆப்பிளையும் சுமந்து வந்தன. அந்த ஆப்பிளின் ரகம் பால்ட்வின். மாசசூசெட்ஸில் 1740 வாக்கில் தானாக முளைத்த ஒரு மரத்திலிருந்து பெருகியது. நீண்ட கடற்பயணத்தைத் தாங்கும் உறுதி அதற்கு இருந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் நியூ இங்கிலாந்தின் முதன்மை ஆப்பிளாக இருந்த பால்ட்வின், 1933–34ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் மரம் மரமாகப் பட்டுப்போனது. அந்த இடத்தில் வேறு ரகங்களை நட்டார்கள். இன்று அங்கே பால்ட்வின் ஒரு ‘பாரம்பரிய’ ரகம். ஆர்வலர்கள் தேடி வாங்கி வீட்டுத் தோட்டத்தில் வைக்கிறார்கள்.

பழம் கப்பலில் வந்தது போதாதென்று, மரமே மலையேறியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குப் போய், அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல் பங்களா கட்டிக் குடியேறினார். ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் அங்கே வைத்துப் பார்த்தவர்களில் அவர் முன்னோடி. 1845இல் கேப்டன் மாலினெக்ஸ் என்பவர், மாதம் 3 ரூபாய் சந்தா கட்டும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் காய்கறி தருவதற்காக ஒரு தோட்டம் தொடங்கினார். 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர், அதைத்தான் உதகை தாவரவியல் பூங்காவாக மாற்றினார். முட்டைக்கோஸ் சந்தாவில் தொடங்கியதுதான் நாம் மலர்க் கண்காட்சிக்குப் போகும் பூங்கா என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

கொடைக்கானல் கதையில் வெள்ளை அதிகாரிக்கு முன்னால் அமெரிக்கப் பாதிரிகள் வருகிறார்கள். மதுரை அமெரிக்க மிஷன் 1845இல் அங்கே பங்களாக்கள் கட்டியது. பிறகு மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஏரியை உருவாக்கினார். ஓய்வுபெற்றபின் அங்கேயே தங்கி, வெளிநாட்டுப் பழமரங்களையும் காய்கறிகளையும் வரவழைத்து நட்டார். கீழே இறங்கச் சாலை இல்லாத காலம் அது. வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பழத்தைத் தின்ன வேண்டுமென்றால் தாங்களே வளர்க்க வேண்டும். பங்களாவுக்குப் பின்னால் நாலைந்து ஆப்பிள், இரண்டு பேரி, ஒரு பிளம்ஸ், ஒரு பீச் என்று வைத்தார்கள். நம் மலைகளின் பழத்தோட்டம் வணிகத் தோப்பாகத் தொடங்கவில்லை, வீட்டுத் தோட்டமாகவே தொடங்கியது. 1920இல்தான் குன்னூரில், சிம்ஸ் பூங்காவை அடுத்துப் பழவியல் நிலையத்தை அரசு அமைத்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆர்வலர்கள் கைபோன போக்கில் செய்துபார்த்ததை, அதன்பிறகு ஓர் அலுவலகம் முறையாகச் செய்துபார்க்கத் தொடங்கியது.

நம் மலைகளில் ஆப்பிள் தோற்றது. முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது, கொடைக்கானலிலும் உதகையிலும் இன்றும் ஆப்பிள் மரங்கள் காய்க்கின்றன. ஆனால் சிம்லாவைப்போல, காஷ்மீரைப்போல ஆகவில்லை. இதற்கான காரணத்தை ‘குளிர் போதாது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். குன்னூர்க்காரர்கள் கம்பளியோடு நடுங்கும் ஜனவரியில் குளிர் போதாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆப்பிள் மொட்டு, அடுத்த ஆண்டின் பூவை முந்தின கோடையிலேயே உள்ளுக்குள் உருவாக்கி வைத்துவிடும். இலையுதிர் காலம் வந்ததும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். அந்த உறக்கம் வெயில் அடித்தால் கலையாது. குறிப்பிட்ட அளவு குளிரை அனுபவித்து முடித்தால்தான் கலையும். நடுக்குளிர்காலத்தில் இரண்டு நாள் வெயிலைக் கண்டு ஏமாந்து பூத்துப் பனியில் கருகாமல் இருக்க மரம் கற்றுக்கொண்ட உபாயம் இது. 7 டிகிரிக்குக் கீழே கழியும் மணிநேரங்களைக் கூட்டி இதை அளப்பார்கள். ரெட் டெலிசியஸ் போன்ற ரகங்களுக்கு 800 மணிநேரமாவது வேண்டும், ஆயிரத்துக்கு மேல் போனால் இன்னும் நல்லது.

கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், உதகை 2,200 மீட்டருக்கு மேல். ஜனவரி இரவுகளில் கொடைக்கானலின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 8 டிகிரியை ஒட்டியிருக்கும். உதகையின் பள்ளங்களில் உறைபனியே விழும். ஆனால் விடிந்து பத்து மணியானால் சுள்ளென்று வெயில். 1974இல் அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வாளர்கள் வகுத்த கணக்கின்படி, 18 டிகிரியைத் தாண்டிய வெப்பம் மொட்டு சேர்த்த குளிரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். நம் மலையில் இரவு சேர்த்ததைப் பகல் கழித்துவிடுகிறது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பகலும் இரவும் ஒரே சீராகச் சில்லென்று இருக்கும். நமக்கு அப்படிப்பட்ட குளிர்காலம் இல்லை, குளிர் இரவுகள்தான் உண்டு.

குளிர் போதாத மரத்தைப் பார்த்தால் உடனே தெரியும். கிளை நுனியில் மட்டும் இலை விட்டிருக்கும், நடுவில் மொட்டை. ஒரு கிளை பூத்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கிளையில் காய் பருத்துக்கொண்டிருக்கும், மூன்றாவது கிளை இன்னும் விழித்திருக்காது. பூக்கள் ஒரே சமயத்தில் விரியாததால் மகரந்தம் கொடுக்க வேண்டிய ரகமும் வாங்க வேண்டிய ரகமும் சந்திப்பதில்லை. ‘மரம் நல்லா இருக்கு, காய்தான் பிடிக்கல’ என்று சொல்லும் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் இந்தச் சிக்கலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உரம் போட்டால் இது தீராது.

ஜாவா தீவில் மலாங் நகரை ஒட்டிய பத்து என்னும் ஊரின் மலைச்சரிவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 டிகிரியில் இருக்கிறது. நம் கொடைக்கானல் வடக்கே 10 டிகிரி. டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ரோம் பியூட்டி என்ற பழைய அமெரிக்க ரகத்தை அங்கே தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள், ஆண்டுக்கு இரண்டு காய்ப்பும் எடுத்தார்கள். அவர்களுக்கும் குளிர் இல்லை. காய் பறித்துச் சில வாரங்களில், மரத்தின் இலைகளையெல்லாம் கையால் உருவிவிடுவார்கள், நிமிர்ந்த கிளைகளை வளைத்துக் கட்டுவார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்குவதற்கு முன்பே இலை போய்விட்டால், அது உறங்காமலே அடுத்த பூவுக்குப் போய்விடும். அதாவது, மரத்துக்குக் குளிர்காலம் வரவே விடுவதில்லை. குளிரை எங்கிருந்தாவது கொண்டுவரப் பார்த்த நம் மலைத்தோட்டங்களைவிட, குளிரே வேண்டாம் என்று வழி கண்ட ஜாவா விவசாயியின் மூளை கூர்மையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு ஆள்கூலி மிகுதி. அண்மைக் காலத்தில் வெப்பம் ஏறியதால் பத்துவின் ஆப்பிள் தோப்புகளும் சுருங்கிவருகின்றன.

ரோம் பியூட்டிக்குச் சுவையான பிறப்புக் கதை ஒன்று உண்டு. ஓஹியோ ஆற்றங்கரையில் 1817 வாக்கில் ஜோயல் ஜில்லட் என்ற குடியானவர், நர்சரியிலிருந்து வந்த கன்றுகளில் ஒன்று ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து துளிர்த்திருப்பதைக் கண்டார். ஒதுக்க வேண்டிய கன்று என்று அதைத் தன் மகனிடம் கொடுத்தார். அது ஆற்றோரத்தில் நடப்பட்டு, சில ஆண்டுகளில் செக்கச்செவேலென்று காய்த்தது. கழித்துப்போட்ட வேர்ச்செடிதான் உலகம் சுற்றிய ரகமாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலைப்பகுதிக்குச் சொல்லும் ஆப்பிள் ரகங்களில் ரோம் பியூட்டியும் உண்டு. முன்பருவத்துக்கு ஐரிஷ் பீச்சும், இடைப்பருவத்துக்குப் பார்லின்ஸ் பியூட்டியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஐரிஷ் பீச் அயர்லாந்தில் ஏறத்தாழ 1820இலேயே பெயர் பெற்றிருந்த ரகம். இன்றைய ஐரோப்பியச் சந்தை கண்டுகொள்ளாத இந்தப் பெயர்கள் நம் மலையின் பரிந்துரைப் பட்டியலில் உயிரோடு இருப்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

குளிர் ஒரு பக்கம் என்றால், பூச்சி இன்னொரு பக்கம். ஆப்பிளின் கிளையிலும் வேரிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் படரும் கம்பளி அசுவினி, இந்தியாவுக்குள் முதலில் நுழைந்த இடம் நம் குன்னூர்தான். 1889இல், இங்கிலாந்திலிருந்து வந்த கன்றுகளோடு வந்து இறங்கியது. சிம்லாவுக்கு அது பிறகுதான் போயிற்று. ஆசையாக வரவழைத்த மரத்தோடு அதன் எதிரியையும் வரவழைத்தோம். அஃபெலினஸ் மாலி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டதும், நார்தர்ன் ஸ்பை என்ற பழைய அமெரிக்க ரகத்தின் எதிர்ப்புச் சக்தியைக் கலந்து இங்கிலாந்தில் உருவாக்கிய எம்.எம். வரிசை வேர்ச்செடிகளும்தான் பிறகு ஆப்பிளைக் காப்பாற்றின. இன்று மலையில் ஆப்பிள் கன்று வாங்குபவர் மேலே இருக்கும் ரகத்தைக் கேட்பதற்கு முன்னால் கீழே இருக்கும் வேர்ச்செடி எது என்று கேட்க வேண்டும்.

வடக்கே ஆப்பிள் வென்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், பின்னாளில் சத்யானந்த ஸ்டோக்ஸ், 1916இல் அமெரிக்காவின் ஸ்டார்க் நர்சரியிலிருந்து ரெட் டெலிசியஸ் கன்றுகளைச் சிம்லா மலையில் கோட்கருக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே குலு பள்ளத்தாக்கில் 1870இல் கேப்டன் லீ ஆங்கில ரகங்களை வைத்திருந்தார். சிவப்பும் இனிப்புமான டெலிசியஸ் வந்ததும் அந்தப் புளிப்பு ஆங்கில ரகங்கள் சந்தையை விட்டு ஒதுங்கின. அங்கே ஆப்பிளின் வெற்றியே பழைய ரகங்களுக்கு வினையாயிற்று. நம் மலையிலோ ஆப்பிள் பெரும்பணம் தராததால் பழைய மரங்களை வெட்டிப் புதியதை நட வேண்டிய அவசரமும் வரவில்லை.

பேரி வேறு கதை. பேரியில் இரண்டு பெருங்குலங்கள் உண்டு. ஐரோப்பியப் பேரி வெண்ணெய்போல் கரையும், அழுத்தினால் நசுங்கும், கூடுதல் குளிர் கேட்கும். சீனா, ஜப்பான் பக்கத்து மணற்பேரி மொறுமொறுவென்று, நீர்ச்சத்தோடு, கல் செல்கள் நிறைந்து நறநறக்கும். குறைந்த குளிரிலேயே விழித்துக்கொள்ளும். ஃபிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் பீட்டர் கீஃபர் என்பவரின் தோட்டத்தில் இந்த இரண்டு குலமும் தேனீ வழியாகச் சம்பந்தம் செய்துகொண்டன. 1863இல் முளைத்த அந்தக் கலப்புக் கன்று 1873இல் முதலில் காய்த்தது. 1876இல் அமெரிக்க நூற்றாண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டபின் கீஃபர் என்ற பெயரோடு பரவியது. பழ ரசிகர்கள் அன்றும் இன்றும் அதை மட்டமான பேரி என்பார்கள். ஆனால் நோய் தாங்கும், வெப்பம் தாங்கும், கிளை முறியக் காய்க்கும், 350 மணிநேரக் குளிரே அதற்குப் போதும். இந்த நான்கு குணங்களும் போதுமானவையாக இருந்ததால் கீஃபர் நம் மலையிலும் வேரூன்றியது.

மலையில் வில்லியம்ஸ் பேரியும் உண்டு. இங்கிலாந்தில் ஆல்டர்மாஸ்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தோட்டத்தில் 1770க்குச் சற்று முன் முளைத்தது அது. வில்லியம்ஸ் என்ற நர்சரிக்காரர் பரப்பியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, வாத்தியார் மறக்கப்பட்டார். அமெரிக்காவில் பெயர்ச்சீட்டு இல்லாமல் போய்ச் சேர்ந்த அதே மரத்துக்கு, அது நின்ற நிலத்தை வாங்கிய ஈனக் பார்ட்லெட் 1817க்குப் பிறகு தன் பெயரைக் கொடுத்தார். உலகில் அதிகம் தின்னப்படும் பேரிகளில் ஒன்றுக்கு இரண்டு கண்டங்களில் இரண்டு பெயர். இரண்டுமே அதை வளர்த்தவர் பெயரில்லை. இதோடு ஒப்பிட்டால் பெயரே இல்லாமல் இருப்பது பெரிய அவமானம் இல்லை.

நாட்டுப் பேரி என்று மலையில் சொல்லும் மரத்துக்கு வருகிறேன். வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி, செண்பகனூர் பக்கம் தோட்ட ஓரங்களிலும், நீலகிரியில் படகர் ஊர்களான ஹட்டிகளின் வீட்டுக் கொல்லைகளிலும் அது உயர்ந்து நிற்கிறது. இலங்கையில் நுவரெலியா, வெலிமடை பக்கத்து மலையகத் தோட்டங்களிலும் பேரி மரங்கள் இப்படித்தான் கொல்லையில் நிற்கின்றன. நறநறப்பு, தடித்த தோல், உறுதியான சதை, குறைந்த குளிரிலேயே பூப்பது எல்லாம் மணற்பேரியின் சாயல். யார் எந்தக் கப்பலில் கொண்டுவந்தார் என்பதற்கு நினைவுக்கல் கிடையாது. ஆனால் ஒரு தகுதி அதற்கு உண்டு. வில்லியம்ஸைப் பெருக்க நம் மலையில் எதன்மீது ஒட்டுக்கட்டினார்கள்? நாட்டுப் பேரிக் கன்றின்மீது. பெயருள்ள பேரிகள் பெயரில்லாத இதன் வேரில் நின்றுதான் காய்த்தன.

இதன் மதிப்பைச் சென்னைத் தெரு மலையைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது. மலை உச்சியில் பறித்து, மூட்டையில் கட்டி, லாரியில் குலுங்கி, கோயம்பேட்டில் இறங்கி, அங்கிருந்து வடசென்னைத் தள்ளுவண்டி ஏறி, ஆவணி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தும் நசுங்காத பழம் வேறு எது? வில்லியம்ஸ் இந்தப் பயணத்தில் கூழாகிவிடும். குளிர்சாதனக் கிடங்கு இல்லாமல், மெழுகுப் பூச்சு இல்லாமல், ஏழைத் தெரு வரைக்கும் வந்து சேர்வது ஒரு ரகத்தின் சாதனை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடிக்கும் பிள்ளைகளுக்கு வெண்ணெய்போல் கரையும் பேரி பிடிக்கவும் செய்யாது.

ஆனால் விலை அதற்கு ஒத்துழைக்கவில்லை. சீசன் ஒரே சமயத்தில் வந்து குவிவதால், சில ஆண்டுகளில் பறிகூலிக்கும் லாரி வாடகைக்குமே கட்டுப்படியாவதில்லை. உயரமான பழைய மரத்தில் ஏறிப் பறிக்க ஆள் கிடைப்பதில்லை. காட்டெருமை கிளையை முறிக்கிறது. நிலமோ விடுதி கட்டுபவருக்கு வேண்டியிருக்கிறது. ஒரு கேரட் பாத்தி மூன்று மாதத்தில் தரும் பணத்தைப் பேரி மரம் ஆண்டு முழுக்க நின்று தர வேண்டும். மரத்தை வெட்டுபவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெட்டுவதற்கு முன் அதில் என்ன இருந்தது என்று யாராவது பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

1,500 மீட்டருக்கு மேல் கொஞ்சம் நிலம் இருக்கிறது, பழைய ரகங்களோடு ஒரு வீட்டுத் தோட்டம் வைக்க வேண்டும் என்று நினைப்பவர் பேரியிலிருந்து தொடங்குவது நல்லது. நாட்டுப் பேரி ஒன்று, கீஃபர் ஒன்று வைத்தால் அடித்தளம் ஆகிவிடும். இன்னும் உயரமும் குளிர்ந்த பள்ளமும் இருந்தால் வில்லியம்ஸ் வைத்துப் பார்க்கலாம். ஜார்கனெல் என்ற பழம்பெரும் ஐரோப்பிய ரகமும் நம் மலைப் பட்டியலில் உண்டு. ஆனால் அதன் மகரந்தம் மற்ற மரங்களுக்குப் பயன்படாது. அதை நட்டால் பக்கத்தில் வேறு இரண்டு ரகமாவது வேண்டும். பேரிப் பூவின் தேனில் சர்க்கரை குறைவு. பக்கத்தில் வேறு பூ நன்றாகப் பூத்திருந்தால் தேனீ பேரியை விட்டு அங்கே போய்விடும். பூக்கும் காலத்தில் மரத்தடிக் களைகளை வெட்டிவிடுவது அதனால்தான். ஐரோப்பியப் பேரியை மரத்திலேயே பழுக்க விட்டால் உள்ளிருந்து அழுகும். காம்போடு தூக்கிக் கிடைமட்டமாகச் சாய்த்தால் தானே விட்டுவரும் பதத்தில் பறித்து, வைக்கோலில் சில நாள் வைத்துப் பழுக்கவிட வேண்டும். கீஃபரை மட்டமென்று சொன்னவர்களில் பாதிப்பேர் இந்தச் சில நாளைக் காத்திருக்காதவர்கள் என்பது என் சந்தேகம்.

ஆப்பிளில் ஆசை விடாதவர்கள் ரோம் பியூட்டியோடும் பார்லின்ஸ் பியூட்டியோடும் தொடங்கலாம். ஐரிஷ் பீச் நட்டால் கவாத்தில் கவனம் வேண்டும். பெரும்பாலான ரகங்கள் கிளையின் உடலிலுள்ள குறுங்கணுக்களில் காய்க்கும், இது நுனியில் காய்க்கும். டிசம்பர், ஜனவரிக் கவாத்தில் வழக்கம்போல் எல்லா நுனியையும் வெட்டிவிட்டால் அந்த ஆண்டு காயே இருக்காது. பழைய ரகங்களின் தொல்லை இதுதான், ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். குளிர் குறைந்த இடத்துக்கென்றே பிறந்த புதிய ரகங்களும் உண்டு. இஸ்ரேலில் உருவாக்கிய அன்னா, பஹாமாஸ் தீவில் கண்டெடுத்த டார்செட் கோல்டன் இரண்டும் 300 மணிநேரத்துக்குள் விழித்துக்கொள்ளும், ஒன்றுக்கொன்று மகரந்தமும் கொடுக்கும். பாரம்பரியம் என்று அடம்பிடிக்காமல் ஒரு அன்னாவையும் சேர்த்து நடுபவரே புத்திசாலி.

இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி கண்டெடுத்து வளர்த்த எச்.ஆர்.எம்.என்-99 ரகத்தைப் பற்றி வடசென்னை மாடித் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 40 டிகிரி வெயிலைத் தாங்கிக் காய்ப்பதாகப் புகழ்பெற்ற ரகம், அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவருடைய உழைப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிலாஸ்பூரில் கோடை சுட்டாலும் குளிர்கால இரவுகள் நன்றாகவே குளிரும். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். 7 டிகிரிக்குக் கீழே ஒரு மணிநேரம்கூட இந்த ஊர் கண்டதில்லை. மூலக்கொத்தளத்து மொட்டைமாடியில் அந்தக் கன்றை வைக்க நினைப்பவர், ஜாவாக்காரர்போல் இலை உருவிப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பூ வரலாம், பழத்துக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதே தொட்டியில் ஒரு கொய்யா வைத்தால் ஆண்டு முழுக்கக் காய்க்கும்.

மாடித் தோட்டத்தைவிட அவசரமான வேலை மலையில் இருக்கிறது. கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி, உதகையின் பழைய பங்களாக் கொல்லைகளிலும் ஹட்டிகளிலும் நிற்கும் ஆப்பிள், பேரி மரங்களில் எது எது என்று மரம் மரமாகப் பட்டியல் எடுக்க வேண்டும். பூக்கும் தேதி, காயின் வடிவம், தோல், காம்பின் நீளம், சதை, பறித்தபின் எத்தனை நாள் தாங்குகிறது என்று குறித்தால் போதும். பெயர் தெரியாத மரத்துக்கு இடத்தின் பெயரையே எண்ணோடு சேர்த்து வைக்கலாம். இன்று மரபணுச் சோதனையால் ஒரு இலையை வைத்தே பிராக்டேல் போன்ற தொகுப்புகளோடு ஒப்பிட்டு, தொலைந்த ரகத்தை அடையாளம் காண முடிகிறது. இங்கிலாந்தில் பழைய தோட்டங்களில் நிற்கும் மரங்களை அப்படித்தான் கண்டறிகிறார்கள். அங்கேயே அழிந்துபோன ஏதோ ஒரு விக்டோரியா காலத்து ஆப்பிள் நம் குன்னூர் கொல்லையில் நின்றுகொண்டிருக்கக்கூடும். அது கற்பனையென்றே வைத்துக்கொண்டாலும், நூறு ஆண்டாக நம் குளிரையும் வெயிலையும் கம்பளி அசுவினியையும் தாங்கி நிற்கும் மரம், பெயர் எதுவானாலும், ஒட்டுக்குச்சி எடுக்கத் தகுந்த மரம்தான்.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ரகத்தைத் தங்கள் பெயரில் பதிவுசெய்ய வழி செய்திருக்கிறது. நாட்டுப் பேரியில் நல்ல மரங்களைத் தேர்ந்து அந்த வழியில் கொண்டுபோகலாம். சீசனில் முந்திப் பழுப்பது, பிந்திப் பழுப்பது என்று இரண்டு தேர்வு கிடைத்தாலே ஒரே மாதத்தில் காய் குவிந்து விலை விழுவது குறையும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஜனவரியில் கவாத்து செய்யும்போது வெட்டி விழும் குச்சிகள் அடுப்புக்குப் போகின்றன. அவற்றில் பென்சில் பருமனுள்ள, நாலு மொட்டுள்ள குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிவைத்தால் சில வாரம் உயிரோடு இருக்கும். கொல்லையில் தானாக முளைத்து நிற்கும் நாட்டுப் பேரிக் கன்றே வேர்ச்செடி. ஒட்டுக்கட்டத் தெரிந்த பெரியவர்கள் மலைக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத் தோட்டமோ, ஊராட்சி நிலத்தில் அரை ஏக்கரோ கிடைத்தால், ஒவ்வொரு கொல்லை மரத்துக்கும் ஒரு நகல் அங்கே நிற்கும். அடுத்த கவாத்துக்கு முன் எந்தெந்தக் கொல்லை விற்பனைக்கு வந்திருக்கிறது என்று விசாரித்து, அங்கேயிருந்து குச்சி எடுப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.